தொழிற்பயிற்சிக்கு அமெரிக்க அரசு தரும் மானியம்: அந்தப் பணம் யார் கைக்குப் போகிறது?

அமெரிக்காவில் தொழிற்கல்விக்கு அரசு இத்தனை கோடி டாலர் ஒதுக்கியிருக்கிறது என்று ஒரு செய்தி வந்தால் போதும், அங்கே இருக்கும் நம்மவர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் இரண்டு விதமான பேச்சு கிளம்பிவிடும். ஒன்று, “இதற்கு எங்கே அப்ளை பண்ணணும்?” இன்னொன்று, “அதெல்லாம் நமக்கு எங்கே வரப்போகிறது, கல்லூரிக்காரர்களே எடுத்துக்கொள்வார்கள்.”

முதல் கேள்வியில் ஒரு சிக்கல் இருக்கிறது. இந்த மானியங்களில் பெரும்பாலானவற்றுக்குத் தனி ஆள் விண்ணப்பிக்கவே முடியாது. இரண்டாவது பேச்சு பாதிதான் உண்மை. பணம் பள்ளிக்கும் கல்லூரிக்கும் போகிறது, ஆனால் அவர்கள் அதை நினைத்தபடி செலவழிக்க முடியாது. இந்தப் பணம் எங்கே புறப்பட்டு, யார் யார் கை மாறி, கடைசியில் ஒரு வெல்டிங் மெஷினாகவோ நர்சிங் உதவியாளர் படிப்புக்கான கட்டணமாகவோ எப்படி ஆகிறது என்று தெரிந்துகொண்டால், நமக்கு வேண்டியதை யாரிடம் கேட்பது என்பதும் தெளிவாகிவிடும்.

## மானியம் என்றால் என்ன?

வெளியூரில் இருக்கும் தாத்தா, பேரனின் படிப்புக்காக மகனுக்குப் பணம் அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். “இது அவன் தச்சு வேலை கற்றுக்கொள்ள மட்டும். என்ன வாங்கினாய், அவன் என்ன கற்றுக்கொண்டான் என்று வருஷா வருஷம் எனக்கு எழுது” என்கிறார். பணத்தைத் திருப்பிக் கேட்க மாட்டார், எனவே கடன் இல்லை. கணக்கு கேட்பார், எனவே அன்பளிப்பும் இல்லை. பேரன் கையில் ஒரு பைசாகூட நேராக வராது. ஆனால் உளியும் ரம்பமும் ஆசிரியரும் வந்து சேர்வார்கள்.

அரசு மானியமும் இதேதான். ஒரு குறிப்பிட்ட வேலைக்காக, நிபந்தனையோடு, திருப்பித் தர வேண்டாம் என்று சொல்லி அரசு ஒரு நிறுவனத்துக்குக் கொடுக்கும் பணம். இங்கே தாத்தா வாஷிங்டனில் இருக்கும் மத்திய அரசு. மகன் மாநில அரசு. பேரன், மாணவரோ வேலை தேடுபவரோ.

## பெர்க்கின்ஸ்: பள்ளிக்கும் கம்யூனிட்டி காலேஜுக்கும் போகும் பணம்

தொழிற்கல்விக்கு மத்திய அரசு பணம் தருவது புதிதல்ல. 1917-இல் உட்ரோ வில்சன் கையெழுத்திட்ட ஸ்மித்-ஹியூஸ் சட்டத்தில் தொடங்கியது. விவசாயம், கைத்தொழில், மனையியல் ஆகியவற்றைப் பள்ளியில் கற்பிக்க மாநிலங்களுக்கு அது பணம் தந்தது. மத்திய அரசு ஒரு டாலர் தந்தால் மாநிலமும் உள்ளூரும் சேர்ந்து ஒரு டாலர் போட வேண்டும் என்பது ஏற்பாடு.

இப்போது நடைமுறையில் இருப்பது பெர்க்கின்ஸ் சட்டம். கென்டக்கியைச் சேர்ந்த நாடாளுமன்ற உறுப்பினர் கார்ல் பெர்க்கின்ஸ் பெயரில் 1984-இல் வந்தது. பிறகு பல முறை திருத்தி எழுதப்பட்டு, 2018 ஜூலை 31 அன்று கையெழுத்தான ஐந்தாவது வடிவத்தில் நிற்கிறது. பேச்சு வழக்கில் ‘பெர்க்கின்ஸ் ஃபைவ்’ என்பார்கள். அண்மை ஆண்டுகளில் இதற்கு ஆண்டுக்குச் சுமார் 140 கோடி டாலர் ஒதுக்கப்படுகிறது. கேட்கப் பெரிய தொகையாகத்தான் இருக்கும். ஐம்பது மாநிலங்களுக்கும், அவற்றின் ஆயிரக்கணக்கான பள்ளி மாவட்டங்களுக்கும் (ஒரு வட்டாரத்தின் அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்புகள்), கல்லூரிகளுக்கும் பிரித்துப் பார்த்தால் அவ்வளவு பெரிதில்லை. ஒரு பள்ளியின் தொழிற்கல்விச் செலவில் பெரும்பகுதி மாநில வரியிலும் உள்ளூர் வரியிலும் இருந்துதான் வருகிறது. ஆசிரியர் சம்பளம் அந்த வரிகளில், புதிய இயந்திரம் பெர்க்கின்ஸ் பணத்தில் என்று வைத்துக்கொள்ளலாம். கறாரான பிரிவினை இல்லை என்றாலும் நடப்பு பெரும்பாலும் அப்படித்தான்.

பணம் இறங்கும் வழி இது. வாஷிங்டனிலிருந்து மத்திய அரசு மாநிலங்களுக்குப் பிரித்துத் தருகிறது. எந்த மாநிலத்துக்கு எவ்வளவு என்பதை குறிப்பிட்ட வயதுப் பிரிவுகளில் எத்தனை பேர் இருக்கிறார்கள், மாநிலத்தின் தனிநபர் வருமானம் என்ன என்ற கணக்கு தீர்மானிக்கிறது. வருமானம் குறைந்த மாநிலத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கும். மாநிலம் தனக்கு வந்ததில் குறைந்தது 85 சதவீதத்தை உள்ளூர்ப் பள்ளி மாவட்டங்களுக்கும் கல்லூரிகளுக்கும் அனுப்பிவிட வேண்டும். அதிகபட்சம் 10 சதவீதத்தை மாநில அளவிலான பணிகளுக்கும், பொதுவாக 5 சதவீதத்தை நிர்வாகச் செலவுக்கும் வைத்துக்கொள்ளலாம். பள்ளிக்கு எவ்வளவு, கல்லூரிக்கு எவ்வளவு என்று அந்த 85-ஐப் பிரிப்பது மாநிலத்தின் விருப்பம். அதனால்தான் ஒரு மாநிலத்தில் உயர்நிலைப் பள்ளிகள் செழிப்பாகவும், பக்கத்து மாநிலத்தில் கம்யூனிட்டி காலேஜ்கள் (இரண்டாண்டுப் படிப்புகள் தரும் உள்ளூர்க் கல்லூரிகள்) செழிப்பாகவும் இருப்பதைப் பார்க்கலாம்.

## கணக்குப் போட்டுப் பார்ப்போம்

இப்படி முன்கூட்டியே எழுதிவைத்த ஒரு கணக்கின்படி பிரியும் பணத்துக்கு ஃபார்முலா மானியம் என்று பெயர். யாரும் போட்டி போட வேண்டாம். எண்கள் என்ன சொல்கின்றனவோ அதுதான்.

பள்ளி மாவட்டங்களுக்கான பெர்க்கின்ஸ் கணக்கு எளிது. மொத்தத்தை 30, 70 என்று இரண்டாகப் பிரிப்பார்கள். 30 சதவீதம், 5 முதல் 17 வயதுக் குழந்தைகள் எத்தனை பேர் என்பதைப் பொறுத்தது. 70 சதவீதம், அந்த வயதில் ஏழ்மையில் இருக்கும் குழந்தைகள் எத்தனை பேர் என்பதைப் பொறுத்தது.

பாடப்புத்தகக் கணக்குப் போல ஒரு கற்பனை உதாரணம். ஒரு மாநிலத்தில் பள்ளிகளுக்கு 10 லட்சம் டாலர் இருக்கிறது. ‘அ’, ‘ஆ’ என்று இரண்டு மாவட்டங்கள். இரண்டிலும் மாநிலக் குழந்தைகளில் ஆளுக்கு 10 சதவீதம் இருக்கிறார்கள். ஆனால் மாநிலத்தின் ஏழைக் குழந்தைகளில் 20 சதவீதம் ‘அ’-வில், வெறும் 5 சதவீதம் ‘ஆ’-வில். முதல் பங்கான 3 லட்சத்தில் இரண்டு மாவட்டத்துக்கும் 30,000 டாலர் கிடைக்கும். இரண்டாவது பங்கான 7 லட்சத்தில் ‘அ’-வுக்கு 1,40,000, ‘ஆ’-வுக்கு 35,000. ஆக ‘அ’ 1,70,000 டாலர் வாங்குகிறது, ‘ஆ’ 65,000 டாலர்.

இரண்டு மாவட்டத்திலும் ஒரே எண்ணிக்கைதான் குழந்தைகள். “எங்கள் ஊர்ப் பள்ளியில் ரோபோட்டிக்ஸ் லேபுக்குப் பணமே இல்லை, பக்கத்து ஊருக்கு மட்டும் அள்ளிக் கொடுக்கிறார்கள்” என்று பெற்றோர் கூட்டத்தில் யாராவது குறைப்பட்டால், அதற்குப் பின்னால் பெரும்பாலும் அரசியல் செல்வாக்கு எதுவும் இருக்காது, இந்த 70 சதவீதம்தான் இருக்கும்.

கல்லூரிகளுக்கு வேறு கணக்கு. முக்கியமாக, வருமானம் குறைந்த மாணவர்களுக்கான பெல் உதவித்தொகை வாங்குபவர்கள் அங்கே தொழிற்கல்விப் பிரிவில் எத்தனை பேர் என்று பார்ப்பார்கள்.

இன்னொரு விதியையும் சொல்லிவிட வேண்டும். கணக்குப்படி ஒரு பள்ளி மாவட்டத்துக்கு 15,000 டாலருக்குக் கீழே வந்தாலோ, கல்லூரிக்கு 50,000-க்குக் கீழே வந்தாலோ, அது பொதுவாகத் தனியாக வாங்க முடியாது. பக்கத்து நிறுவனங்களோடு கூட்டுச் சேர வேண்டும். சிதறிய சில்லறையில் உருப்படியாக ஒன்றும் வாங்க முடியாது என்பதுதான் காரணம். கிராமப்புறம் போன்ற சில இடங்களுக்கு விலக்கு கேட்கலாம்.

இதுவரை பார்த்தது: மானியம் நிறுவனத்துக்கு வருகிறது. எவ்வளவு என்பதைப் பெரும்பாலும் மக்கள்தொகையும் ஏழ்மையும் தீர்மானிக்கின்றன. மாநிலத்துக்குக் கொஞ்சம் சுதந்திரம் உண்டு, முழுச் சுதந்திரம் கிடையாது.

## எதற்குச் செலவழிக்கலாம், எதற்கு முடியாது

இங்கேதான் அதிகக் குழப்பம். மறுபடி தாத்தாவிடம் போவோம். மகன் வழக்கமாகத் தன் சம்பளத்தில் பேரனுக்கு மாதம் நூறு டாலருக்குக் கருவிகள் வாங்கித் தருபவர். தாத்தாவின் நூறு டாலர் வந்ததும் தன் நூறை நிறுத்திவிட்டு அதில் டிவி வாங்கிவிடுகிறார். பில் எல்லாம் சரியாக இருக்கும். ஆனால் பேரனுக்கு ஒரு ஆணிகூடக் கூடுதலாக வரவில்லை. தாத்தா ஏமாந்துவிட்டார்.

இதைத் தடுக்கத்தான் பெர்க்கின்ஸ் சட்டத்தில் ஒரு விதி இருக்கிறது. மத்தியப் பணம், ஏற்கெனவே செலவாகும் பணத்தோடு சேர வேண்டும், அதன் இடத்தைப் பிடிக்கக் கூடாது. போன வருஷம் உள்ளூர் வரியில் சம்பளம் வாங்கிய ஆசிரியரை இந்த வருஷம் அப்படியே பெர்க்கின்ஸ் கணக்குக்கு மாற்றினால் தணிக்கையில் மாட்டிக்கொள்ள வாய்ப்பு அதிகம். “பணம் இருக்கிறதே, ஆசிரியருக்குச் சம்பளம் கொடுக்க வேண்டியதுதானே” என்று வெளியே இருந்து கேட்பது சுலபம். உள்ளே இருப்பவர் ‘முடியாது’ என்று சொன்னால் அவர் சோம்பேறி என்று அர்த்தமில்லை.

பள்ளியோ கல்லூரியோ இந்தப் பணத்தைத் தொடும் முன் இன்னொரு வீட்டுப்பாடமும் உண்டு. குறைந்தது இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை உள்ளூர்த் தேவை ஆய்வு செய்ய வேண்டும். வட்டாரத்தில் எந்த வேலைகளுக்கு ஆள் தேவை, நம்மிடம் என்ன படிப்புகள் இருக்கின்றன, யார் பின்தங்குகிறார்கள் என்று முதலாளிகள், பெற்றோர், மாணவர் எல்லோரிடமும் கேட்டு எழுதுவதுதான் அது. அதில் வெளிப்பட்ட தேவைக்குத்தான் செலவு செய்யலாம். பட்டறை இயந்திரம், ஆசிரியர்களுக்குப் பயிற்சி, தொழில் வழிகாட்டி ஆலோசகர், நிறுவனங்களில் நேரடிப் பயிற்சிக்கான ஏற்பாடு என்று பட்டியல் நீளும்.

வாங்கிய இயந்திரத்தைக் கொண்டுவந்து இறக்கியதோடு கதை முடியாது. மத்திய மானியத்தில் வாங்கிய உபகரணங்களைக் குறைந்தது இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை நேரில் எண்ணிச் சரிபார்க்க வேண்டும். சில கல்லூரிப் பட்டறைகளில் லேத் மீது நம்பர் போட்ட ஸ்டிக்கர் ஒட்டியிருப்பது இதற்காகத்தான்.

மாணவர் கையில் காசு கொடுக்கலாமா? பொதுவாக இல்லை. ஆனால் 2018 வடிவம் ஒரு கதவைத் திறந்திருக்கிறது. சிறப்புப் பிரிவினர் என்று சட்டம் சொல்லும் மாணவர்களின் கைச்செலவைக் குறைக்க இந்தப் பணம் உதவலாம். மாற்றுத்திறனாளிகள், வறிய குடும்பத்தினர், ஒற்றைப் பெற்றோர், ஆங்கிலம் கற்றுக்கொண்டிருப்பவர்கள், வீடற்றவர்கள் எல்லோரும் இதில் வருவார்கள். ஒரு பாலினத்தவர் 25 சதவீதத்துக்கும் குறைவாக இருக்கும் தொழிலைப் படிக்கும் அந்தப் பாலினத்தவரும் இதில் சேர்த்திதான். வெல்டிங் படிக்கும் பெண் ஓர் உதாரணம். போக்குவரத்து, குழந்தைப் பராமரிப்பு, தேர்வுக் கட்டணம் என்று உதவி கிடைக்கலாம். இதைக் கேட்டு வாங்குபவர்கள் குறைவு என்பது என் எண்ணம். இருக்கிறது என்று தெரிந்தால்தானே கேட்க முடியும்!

## வேலை போனவருக்கு: வியோவா

இதுவரை பார்த்தது பள்ளிக்கும் கல்லூரிக்கும் வரும் பணம். வேலை தேடும் பெரியவர்களுக்கு வேறு சட்டம். 2014 ஜூலையில் ஒபாமா கையெழுத்திட்ட பணியாளர் வாய்ப்புச் சட்டம். ஆங்கில முதலெழுத்துகளைச் (WIOA) சேர்த்து ‘வியோவா’ என்பார்கள். இது தொழிலாளர் துறை வழியாக வருகிறது. 1962-இலிருந்து வெவ்வேறு பெயரில் இருந்துவரும் ஏற்பாட்டின் இப்போதைய வடிவம்.

வியோவாவில் பயிற்சிக்கான பணம் மூன்று பிரிவாக வருகிறது: பொதுவாகப் பெரியவர்களுக்கு, ஆட்குறைப்பில் வேலை இழந்தவர்களுக்கு, இளைஞர்களுக்கு. மூன்றும் சேர்ந்து அண்மை ஆண்டுகளில் 300 கோடி டாலருக்குச் சற்றுக் குறைவு. இதுவும் ஃபார்முலாதான், ஆனால் பள்ளிக் குழந்தைகளை எண்ணுவதற்குப் பதிலாக வேலையின்மையையும் வறுமையையும் பெரிதாக எடைபோடும். மாநிலத்திலிருந்து இது உள்ளூர்ப் பணியாளர் வாரியங்களுக்குப் போகும். இந்த வாரியங்களில் பெரும்பான்மை உறுப்பினர்கள் தொழில் நிறுவனங்களின் பிரதிநிதிகளாக இருக்க வேண்டும் என்பது சட்டம். எந்த வேலைக்கு ஆள் வேண்டும் என்று வேலை கொடுப்பவருக்குத்தானே தெரியும் என்ற நம்பிக்கை.

நமக்கு முக்கியமானது இதுதான்: வியோவாவில் தனி ஆள் நேராகப் போய்க் கேட்க முடியும். நாடு முழுவதும் 2,000-க்கும் மேற்பட்ட அமெரிக்கன் ஜாப் சென்டர்கள் இருக்கின்றன. வேலை தேட உதவுவதும் ரெஸ்யூமே பார்த்துத் தருவதும் அங்கே எல்லோருக்கும் இலவசம். பயிற்சி தேவை என்று ஆலோசகர் முடிவு செய்தால், உங்கள் பெயரில் தனிநபர் பயிற்சிக் கணக்கு ஒன்று திறப்பார்கள். பெயரில் ‘கணக்கு’ இருக்கிறதே என்று ஏடிஎம் கார்டு எதிர்பார்க்க வேண்டாம். அது ஒரு வவுச்சர் மாதிரி. பணம் நேராகப் பயிற்சி நிறுவனத்துக்குப் போகும். எவ்வளவு வரை என்பதை அந்தந்த வாரியம் வைத்திருக்கும் உச்சவரம்பு தீர்மானிக்கும்.

எந்தப் படிப்பையும் எடுக்கலாமா? முடியாது. மாநிலம் ஒரு பட்டியல் வைத்திருக்கிறது, தகுதி பெற்ற பயிற்சி நிறுவனங்களின் பட்டியல். அதில் இருக்கும் படிப்பாக இருக்க வேண்டும், அந்த வட்டாரத்தில் தேவையுள்ள வேலைக்கான படிப்பாகவும் இருக்க வேண்டும். ‘ஆறு வாரத்தில் டேட்டா சயின்டிஸ்ட்’ என்று விளம்பரம் செய்யும் நிறுவனம் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும், பட்டியலில் இல்லையென்றால் வியோவா பணம் அங்கே போகாது.

பெரியவர்களுக்கான பிரிவில் அரசு உதவி பெறுபவர்கள், வருமானம் குறைந்தவர்கள், அடிப்படை எழுத்தறிவுத் திறன் போதாதவர்கள் ஆகியோருக்கு முன்னுரிமை. ஐடி நிறுவனத்தில் நல்ல சம்பளம் வாங்கிவிட்டு ஆட்குறைப்பில் வெளியே வந்தவர் இந்தப் பிரிவைப் பார்த்துவிட்டு ‘நமக்கில்லை’ என்று திரும்பிவிடுவார். அவருக்கானது இரண்டாவது பிரிவு. அதில் வேலை போன விதம்தான் முதல் கேள்வி. விசா நிலை பற்றியும் கேட்பார்கள். குடியுரிமையோ கிரீன் கார்டோ இருந்தால் பிரச்சினை இல்லை. மற்றவர்கள் அமெரிக்காவில் வேலை செய்ய அனுமதி இருக்கிறதா என்பதை ஆவணத்தோடு காட்ட வேண்டியிருக்கும்.

வகுப்பறை வேண்டாம், வேலையிலேயே கற்றுக்கொள்கிறேன் என்றாலும் வழி உண்டு. புதிய ஆளை வேலைக்கு எடுத்துப் பயிற்சி தரும் நிறுவனத்துக்கு, அவரது சம்பளத்தில் வழக்கமாகப் பாதி வரையும், சில சூழ்நிலைகளில் 75 சதவீதம் வரையும் வாரியம் ஈடு செய்யும். சின்ன நிறுவனம் நடத்தும் நம்மவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது.

கணக்குக் கேட்பதிலும் வியோவா கறாரானது. பயிற்சி முடித்து வெளியேறியவர்களில் இரண்டாவது காலாண்டில் எத்தனை பேர் வேலையில் இருக்கிறார்கள், நான்காவது காலாண்டில் எத்தனை பேர், நடுத்தரச் சம்பளம் எவ்வளவு என்றெல்லாம் பார்க்கிறார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் எண் கெட்டுவிடுமோ என்ற பயத்தில், எப்படியும் தேறிவிடக்கூடிய ஆளையே தேர்ந்தெடுக்கத் தோன்றும். உண்மையிலேயே உதவி தேவைப்படுபவர் வாசலில் நிற்பார். வட்டாரத்தின் பொருளாதார நிலையையும் வருபவர்களின் பின்னணியையும் கணக்கில் எடுத்து இலக்கைச் சரிசெய்ய வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அந்த ஆசை அதனால் முழுதாகப் போய்விடும் என்று நான் நம்பவில்லை.

சுருக்கமாக: பெர்க்கின்ஸ் படிப்பு நடக்கும் இடத்தை வளர்க்கிறது, வியோவா படிக்கப் போகும் ஆளுக்காகக் கட்டணம் கட்டுகிறது. இரண்டிலும் பணம் உங்கள் வங்கிக் கணக்குக்கு வராது.

## போட்டி மானியமும் எச்-1பி கட்டணமும்

எல்லாப் பணமும் ஃபார்முலாப்படி வருவதில்லை. சிலவற்றுக்குக் கல்லூரிகளும் அமைப்புகளும் திட்டம் எழுதி அனுப்ப வேண்டும், நல்ல திட்டத்துக்கு மட்டும் பணம் கிடைக்கும். இதுதான் போட்டி மானியம். 2011 முதல் நான்கு சுற்றுகளாகக் கம்யூனிட்டி காலேஜ்களுக்குச் சுமார் 200 கோடி டாலர் தந்த தொழிலாளர் துறைத் திட்டம் ஒரு பெரிய உதாரணம். இத்தகைய பணம் குறிப்பிட்ட சில ஆண்டுகளுக்குத்தான். முடிந்ததும் அந்தப் படிப்பை யார் காசில் நடத்துவது என்ற கேள்வி எழும். ‘போன வருஷம் இருந்த இலவசப் படிப்பு இப்போது ஏன் இல்லை’ என்பதற்குப் பல இடங்களில் இதுதான் விடை.

நம்மவர்களில் பலருக்குத் தெரியாத ஒரு தொடர்பு இங்கே இருக்கிறது. எச்-1பி விசாவுக்கு விண்ணப்பிக்கும் நிறுவனம் கட்டும் கட்டணங்களில் ஒன்று பயிற்சிக்கானது. 25 பேர் வரை உள்ள நிறுவனத்துக்கு 750 டாலர், அதற்கு மேல் 1,500 டாலர். இதில் பாதி தொழிலாளர் துறையின் பயிற்சித் திட்டங்களுக்கும், 30 சதவீதம் தேசிய அறிவியல் அறக்கட்டளை வழியாக வருமானம் குறைந்த மாணவர்களின் உதவித்தொகைக்கும் போகிறது. 2015-இல் தொழிற்பழகுநர் பயிற்சியை விரிவாக்க அறிவித்த 17.5 கோடி டாலர் போட்டி மானியம் இந்த நிதியிலிருந்துதான் வந்தது. சென்னையிலிருந்தோ கோவையிலிருந்தோ போகும் ஒரு பொறியாளருக்காகக் கட்டிய கட்டணத்தில் ஒரு பகுதி, எங்கோ ஒரு அமெரிக்க இளைஞரின் பயிற்சிக்குப் போய்ச் சேர்ந்திருக்கலாம்.

## பெல்: மாணவரைத் தொடரும் உதவித்தொகை

வியோவாவைப் போலத் தனி ஆள் நேராகக் கேட்கக்கூடிய இன்னொன்று பெல் உதவித்தொகை. இது குடும்ப வருமானத்தைப் பார்த்து மாணவருக்குத் தருவது. குடிமக்களுக்கும் கிரீன் கார்டு உள்ளவர்களுக்கும், வேறு சில பிரிவினருக்கும் உண்டு. எஃப்-1 என்ற மாணவர் விசாவிலோ எச்-1பி விசாவிலோ இருப்பவர்களுக்கு இல்லை.

இதில் நீண்ட காலமாக ஒரு குறை இருந்தது. குறைந்தது 15 வாரம், 600 மணி நேரம் என்ற அளவுக்குக் கீழே இருக்கும் படிப்புக்கு இது கிடைக்காமல் இருந்தது. குறுகிய காலத் தொழிற்பயிற்சிகள் எல்லாம் வெளியே நின்றன. 2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான சட்டம் இதை மாற்றியிருக்கிறது. 8 வாரத்திலிருந்து 15 வாரத்துக்குள், 150 மணியிலிருந்து 600 மணிக்குள் இருக்கும் பயிற்சிகளுக்கும் 2026 ஜூலை 1 முதல் பெல் உண்டு. கண்டபடி எல்லாப் படிப்புக்கும் கிடையாது. மாநில ஆளுநர் ஒப்புதல் வேண்டும், சேர்ந்தவர்களில் குறைந்தது 70 சதவீதம் பேர் முடித்திருக்க வேண்டும், முடித்தவர்களில் 70 சதவீதம் பேருக்கு வேலை கிடைத்திருக்க வேண்டும்.

## போன் வந்தால்?

“உங்களுக்கு அரசு மானியம் ஒதுக்கியிருக்கிறது, செயலாக்கக் கட்டணம் மட்டும் கட்டுங்கள்” என்று போன் வந்தால் வைத்துவிடுங்கள். மேலே பார்த்த எந்த வழியிலும் அரசு தானாகக் கூப்பிட்டுப் பணம் தருவதில்லை, விண்ணப்பிக்கக் கட்டணம் கேட்பதும் இல்லை.

பிள்ளை பள்ளியில் படித்தால் பள்ளியின் தொழிற்கல்வி ஒருங்கிணைப்பாளரைப் பார்க்கலாம். கல்லூரி என்றால் நிதி உதவி அலுவலகம். வேலை போயிருந்தால், பணிநீக்கக் கடிதத்தை எடுத்துக்கொண்டு அருகிலுள்ள ஜாப் சென்டர். தொழிலாளர் துறையின் கேரியர்ஒன்ஸ்டாப் இணையதளத்தில் ஜிப் கோடு போட்டால் முகவரி வரும். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். பயிற்சியில் சேர்ந்து கட்டணத்தைக் கட்டிவிட்டு அப்புறம் ரசீதைக் கொண்டுபோய்க் கேட்டால், வியோவாவில் பெரும்பாலும் திரும்பக் கிடைக்காது. ஆலோசகர் ஒப்புதல் தந்த பிறகுதான் சேர வேண்டும்.